நிவாரணப் பட்டியலில் அம்மா பெயர் ஏன் இல்லை?

பாம்பன் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. 2024 நவம்பர் மழையில் அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அரிசி, பாய், துணிமணி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் போயிற்று. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால், "நிவாரணம்லாம் தாசில்தார் ஆபீஸ் தம்பி" என்றார்களாம். தாலுகா ஆபீஸில், "விஏஓ குடுத்த கணக்குல உங்க வீடு வரலையே" என்றார்களாம். மீன்வளத் துறையில் எடுத்த எடுப்பிலேயே, "படகு இருக்கா?" படகு கிடையாது. அம்மா கடலில் பாசி எடுப்பவர். "ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். ஆபத்து நேரத்தில் ஊராட்சிக்கு வேலையே இல்லையென்றால் அது எதற்கு?" என்று முடித்திருக்கிறார்.

நான் இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே பதிலை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் எழுதுகிறேன்.

தம்பி, ஊராட்சிக்கு வேலை உண்டு. சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்கும் கையெழுத்து மட்டும் அங்கே இல்லை. ஆனால் யாருக்குப் பணம் போகவேண்டும் என்பதை ஊராட்சி அளவுக்குத் தெரிந்த ஆள் அரசாங்கத்தில் வேறு யாரும் கிடையாது. தெரிந்ததைக் காகிதத்தில் ஏற்றி வைக்கும் பழக்கம்தான் இல்லை. உங்கள் அம்மா பெயர் விட்டுப்போனது அந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

முதலில் நிவாரணம் ஏன் தாசில்தாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டர் என்றால் வரி வசூலிப்பவர். மழை பொய்த்தால் தீர்வையைத் தள்ளுபடி செய்ய வேண்டியவரும் அவரே. எந்த நிலம் காய்ந்தது, எந்த நிலம் பிழைத்தது என்ற கணக்கு, கிராமக் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கையில் இருந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபிறகு, 1880-களில் பஞ்ச விதிகளைத் தொகுத்தார்கள். கஞ்சித் தொட்டி எப்போது திறப்பது, யாருக்குக் கூலி வேலை கொடுப்பது என்றெல்லாம் அதில் எழுதி, அதையும் கலெக்டர் தலையிலேயே வைத்தார்கள். 1980-ல் கர்ணம் பதவியை ஒழித்து கிராம நிர்வாக அலுவலரை, அதாவது விஏஓவைக் கொண்டுவந்தபோதும் அந்தச் சங்கிலி அறுபடவில்லை. இன்றைக்கும் விஏஓ எழுதுகிறார், வருவாய் ஆய்வாளர் சரிபார்க்கிறார், தாசில்தார் கையெழுத்துப் போடுகிறார். நிலத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு அது. கடலுக்குப் பட்டா கிடையாதே. கடற்கரை ஊரில் அந்த ஏற்பாடு தடுமாறுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்றைய பஞ்சாயத்து ராஜ் வந்தது 1993-ல், அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்தோடு. ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 11-ஆவது அட்டவணையில் 29 விஷயங்களை அடுக்கினார்கள். மீன்வளம் இருக்கிறது, சமூக நலம் இருக்கிறது, நலிந்த பிரிவினர் நலம் இருக்கிறது, பொது விநியோகமும் இருக்கிறது. பேரிடர் என்ற சொல் மட்டும் இல்லை. இருக்கிற விஷயங்களிலும் நம்மூரில் ரேஷன் கடை கூட்டுறவுத் துறையோடு நின்றுவிட்டது, மீன்வளத்துக்குத் தனித் துறை, முதியோர் உதவித்தொகைக்கு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். ஊராட்சி கைக்கு நடைமுறையில் வந்து சேர்ந்தவை குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சாலை.

ஆனால் 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் புரட்டினால் வேறு படம் தெரியும். அதன் 41-ஆம் பிரிவு முழுக்க முழுக்க உள்ளாட்சிகளுக்காக எழுதியது. தன் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், தேவையான சாமான்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட இடத்தில் மாநிலத் திட்டம், மாவட்டத் திட்டம் ஆகியவற்றின்படி நிவாரணம், மறுவாழ்வு, சீரமைப்பு வேலைகளைச் செய்ய வேண்டும் என்கிறது. 25-ஆம் பிரிவின்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். மாவட்ட ஊராட்சித் தலைவருக்கு அந்த நாற்காலி உண்டு என்று நான் சொன்னபோது ஒரு கவுன்சிலர், "அப்படியா சார், கூட்டத்துக்குக் கூப்பிட்டதே இல்லையே" என்றார். யாரைக் குறை சொல்வது?

உங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் மாவட்டத்தின் வருஷ சராசரியே சுமார் 82 சென்டிமீட்டர்தான். பாதி வருஷத்து மழை ஒரு பகலில் விழுந்தால் எந்த வாய்க்கால் தாங்கும்? அதுவும் தங்கச்சிமடம், பாம்பன் மாதிரி மணல் ஊர்களில் மழைத் தண்ணீர் தானே இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில், தாழ்ந்த இடத்திலெல்லாம் வீடு கட்டியிருக்கிறோம்.

அந்த ராமேஸ்வரம் தீவில் ஒரு வேடிக்கை உண்டு, தம்பிக்குத் தெரிந்திருக்கும். ராமேஸ்வரம் நகராட்சி. கமிஷனர், பொறியாளர், சுகாதார ஆய்வாளர், லாரி என்று ஒரு பட்டாளம் இருக்கும். தங்கச்சிமடமும் பாம்பனும் பார்வைக்கு ஊர் மாதிரியா இருக்கின்றன? கடைவீதி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று டவுன் மாதிரி வளர்ந்துவிட்டன. ஆனால் இரண்டும் இன்னமும் மண்டபம் ஒன்றியத்துக் கிராம ஊராட்சிகள். ஒரு தலைவர், ஒரு செயலாளர், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்கள், தூய்மைக் காவலர்கள். அவ்வளவுதான் படை. ஒரே மேகம், ஒரே மழை. ஒரு பக்கம் மோட்டார் வைத்து இறைக்க நகராட்சி. இன்னொரு பக்கம் வாடகைக்கு ஆயில் எஞ்சின் தேடி அலைகிற கிளார்க். அவசர உதவி என்று பேசும்போது இந்த வித்தியாசத்தை யாரும் பேசுவதில்லை. மண்டபமும் தொண்டியும் சாயல்குடியும் பேரூராட்சிகள், கீழக்கரை நகராட்சி. இவற்றுக்கு நடுவே இருக்கிற மீனவக் குப்பங்களில் பெரும்பாலானவை கிராம ஊராட்சிகளில் அடங்கியவை. மாவட்டத்தில் மொத்தம் 429 கிராம ஊராட்சிகள். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, வாலிநோக்கம், மூக்கையூர் எதை எடுத்தாலும் இதே கதை.

அடுத்து பணம். ஊராட்சி நிதியிலிருந்து ஒரு குடும்பத்தின் கையில் ரொக்கமாக ஆயிரம் ரூபாய் கொடுக்க வழி இல்லை. மத்திய நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கென்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்துக்கும் திட்டம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. மாநில நிதிக்குழு மானியம் கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்குமே இழுபறி. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேருக்கும் தேர்தல் காலத்திலிருந்தே முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது என்றால், புயலே வந்தாலும் செக் நகராது. இதை நான் ஒரு ஊரில் இல்லை, நாலைந்து ஊரில் பார்த்தவன்.

அவசர நேரத்துக்கு ஊராட்சிச் சட்டத்தில் ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். மன்றத்தின் முன் அனுமதி இல்லாமலே தலைவர் ஒரு வேலையை உடனே செய்யச் சொல்லலாம், அடுத்த கூட்டத்தில் காரணத்தோடு வைத்துவிட வேண்டும். மரம் வெட்டி வழி ஏற்படுத்துவது, தண்ணீர் இறைப்பது, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். தைரியமான தலைவர்கள் பயன்படுத்துவார்கள். பலருக்குத் தணிக்கைப் பயம்.

முகாம் சாப்பாட்டுச் செலவு வருவாய்த் துறைக் கணக்கு. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு முன்னூறு பேரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டால் அரிசி யார் வாங்குவது? தலைவர்தான் மளிகைக் கடையில் தன் பெயரில் கடன் சொல்லுவார். நான் வேலை பார்த்த ஒரு ஒன்றியத்தில், அப்படி வாங்கிய அரிசி பருப்புக்கான பில் தாலுகா ஆபீஸுக்கும் எங்கள் ஆபீஸுக்கும் நடுவே ஏழு மாதம் நடந்தது. கடைசியில் பாதித் தொகைதான் வந்தது. அடுத்த மழைக்கு அந்தத் தலைவர், "விஏஓ வரட்டும், அவரே வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பணம் இல்லாத ஊராட்சியிடம் எதை எதிர்பார்க்கலாம்? நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். நம் கடற்கரையில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு ஊற்றுத் தோண்டுவதை நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். புயல் காற்றில் மின்கம்பம் சாய்ந்தால் நீரேற்று நிலையம் நிற்கும். நீரேற்று நிலையம் நின்றால் மூன்றாம் நாள் ஊரே குடத்தோடு அலையும். கூண்டு ஏற்றிய அன்றைக்கே மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பி வைக்கிற ஆபரேட்டர், குளோரின் பவுடரை நனையாத இடத்தில் எடுத்து வைக்கிற ஆபரேட்டர், நிவாரணத்தில் பாதியைச் செய்து முடித்துவிட்டார் என்பேன். அவர் வாங்குகிற சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இதற்கு எந்தத் தாசில்தார் கையெழுத்தும் வேண்டாம்.

சரி, பட்டியல். அரசாங்கம் ஒரு மனிதரை ஒரே பட்டியலில் பார்ப்பதில்லை. வருவாய்த் துறைக்கு அவர் ஒரு வீடு அல்லது ஒரு நிலம். மீன்வளத் துறைக்கு அவர் ஒரு படகுப் பதிவு எண் அல்லது கூட்டுறவுச் சங்க உறுப்பினர். உணவு வழங்கல் துறைக்கு ஒரு குடும்ப அட்டை. ஆபத்து எந்த மாதிரி வருகிறதோ அதற்கு ஏற்ற பட்டியலை எடுப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைப் பக்கம் 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். குடும்ப அட்டை இருந்தால் போதும் என்பதால் வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அட்டை இல்லாதவர்கள் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். அதே சமயத்தில் மற்ற இழப்பீடுகளையும் கூட்டி அறிவித்தார்கள். உயிரிழப்புக்கு 4 லட்சம் என்பது 5 லட்சமாயிற்று, சேதமான குடிசைக்கு 5,000 என்பது 8,000 ஆயிற்று, முழுதாகப் போன வல்லத்துக்கு 75,000 என்பது 1 லட்சமாயிற்று, வலைக்கு 10,000 என்பது 15,000 ஆயிற்று.

இந்த வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உயிர், குடிசை, படகு, வலை. சொத்து உள்ளவருக்கு, அல்லது செத்தவருக்கு. கடற்கரையில் உயிரோடு இருந்து சொத்தில்லாமல் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்? அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், கரையில் மீன் தரம் பிரிப்பவர், ஐஸ் உடைப்பவர், வலை பின்னுகிற கிழவர், கருவாடு காயப்போடுகிற பெண்கள். சின்னப்பாலம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் பார்த்து, வல்லத்தில் இடம் பிடித்து, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்து வருகிறவர்கள். 1986-ல் 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து வனத்துறையோடு அவர்களுக்கு ஓயாத மல்லுக்கட்டு. கடல் கொந்தளித்தால் பத்து நாள் வருமானம் போகும். ஆனால் அவர்களிடம் சேதமானது என்று காட்ட என்ன இருக்கிறது? ஒரு சாக்கு, ஒரு முகக் கண்ணாடி, விரலில் சுற்றுகிற துணி. இதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

தம்பி, உங்கள் அம்மா விட்டுப்போனதற்கு யாரும் வஞ்சனை செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. படகுப் பட்டியலில் அவர் வரமாட்டார். வீட்டுப் பட்டியலில் வர, விஏஓ வந்து பார்க்கும்போது வீட்டில் தண்ணீர் நிற்க வேண்டும், அல்லது சுவர் விழுந்திருக்க வேண்டும். மணல் ஊரில் மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து, தரை காய்ந்து, அம்மாவும் கழுவித் துடைத்துக் கோலம் போட்டிருப்பார். அதிகாரி வந்து பார்த்தால் வீடு பளிச்சென்று இருக்கும்.

இங்கேதான் விதிமுறையில் ஒரு சின்ன வரி முக்கியம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கென்று மத்திய அரசு வகுத்திருக்கிற செலவு விதிகளில், வீடு அடித்துச் செல்லப்பட்டவர்கள், முழுதாக இடிந்தவர்கள் இவர்களோடு, இரண்டு நாளுக்கு மேல் வீட்டுக்குள் வெள்ளம் நின்ற குடும்பங்களுக்கும் துணிமணிக்கும் பாத்திரம் பண்டத்துக்கும் தனித்தனியே தொகை உண்டு. இரண்டு நாளுக்கு மேல் நின்றது என்று யார் சாட்சி சொல்வது? விஏஓவுக்கு இரண்டு மூன்று கிராமங்கள் கூடுதல் பொறுப்பு இருக்கும், எல்லா இடத்திலும் அவர் நிற்க முடியாது. தெருவில் நின்றவர் ஊராட்சி ஆள்தான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எஞ்சின் போட்டு இறைத்தோம், எத்தனை லிட்டர் டீசல், எந்தத் தேதியில் நிறுத்தினோம் என்பதெல்லாம் அவர் கைச்சிட்டையில் இருக்கிறது. அந்தச் சிட்டையை யாரும் நிவாரணத்துக்கு ஆதாரமாக நினைப்பதில்லை. ஊராட்சியிலிருந்து ஒரு கடிதத்தோடு தாலுகா ஆபீஸுக்கு அனுப்பியிருந்தால் ஒரு தெரு முழுவதற்கும் வழி கிடைத்திருக்கும்.

ஊராட்சி நல்லது, வருவாய்த் துறை மோசம் என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலை முழுக்க ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டுப் போடாத தெரு விட்டுப்போகும். காலனி விட்டுப்போகும். ஒரே ஊரில் இரண்டு சங்கம் இருந்தால் ஒரு சங்கத்துக்காரர்கள் விட்டுப்போவார்கள். விஏஓ வெளியூர்க்காரர் என்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அதனால் நான் கேட்பது இதுதான்: ஊராட்சி பெயர்களைச் சொல்லட்டும், கிராம சபையில் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கட்டும், வருவாய்த் துறை சரிபார்த்துப் பணம் கொடுக்கட்டும். வாசிக்கும்போது தன் பெயர் இல்லையென்றால் அந்த இடத்திலேயே எழுந்து கேட்கலாமே. தாலுகா ஆபீஸ் சன்னலில் போய்க் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதில் 2024-ல் ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவிப் போனது. நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சிகள் தினக் கிராம சபை நடக்க வேண்டும். அந்த வருஷம் தீபாவளியை ஒட்டி வந்ததால் 23-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். மழை பெய்த மூன்றாம் நாள்! சேறு காயாத தெருவில் உட்கார்ந்து, யார் வீட்டில் எத்தனை நாள் தண்ணீர் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியிருந்தால் அதைவிட வலுவான காகிதம் வேறு இல்லை.

பிறகு ஜனவரி வந்தது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓதான் தனி அலுவலர். ஒரு பிடிஓவுக்கு முப்பது, நாற்பது ஊராட்சி. அவர் நல்லவராகவே இருக்கட்டும், எந்தத் தெருவில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் இதே நிலைதான். 2016 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சிக்கும் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. டெல்டாவில் நிவாரண வண்டிகளைச் சாலையிலேயே மறித்தார்கள் என்று அப்போது படித்திருப்பீர்கள். பசி ஒரு காரணம். உள்ளூரில் யாரைக் கேட்பது என்று தெரியாததும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வேறு மாநிலங்களில் எப்படி என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் போதும். 2020 ஊரடங்கில் கேரளாவில் சமூக அடுக்களைகளை உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்களோடு சேர்ந்து நடத்தின. 1996-லிருந்து திட்ட நிதியில் கணிசமான பங்கைக் கீழே கொடுத்துப் பழகிய மாநிலம், அதனால் முடிந்தது. அதே வருஷம் ஏப்ரலில் ஒடிசா, வெளியூரிலிருந்து திரும்புகிறவர்களைத் தனிமைப்படுத்தும் விஷயத்தில் சர்பஞ்சுகள் என்ற ஊராட்சித் தலைவர்களுக்குக் கலெக்டரின் அதிகாரத்தையே கொடுத்தது. நம்மூரில் அந்தக் காலத்தில் ஊராட்சித் தலைவர்கள் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், கபசுரக் குடிநீர் ஊற்றினார்கள். ஆயிரம் ரூபாய் ரேஷன் கடையில் வந்தது. இரண்டும் இரண்டு தண்டவாளம் மாதிரி, எங்கேயும் சேரவில்லை.

ஊராட்சி என்று நான் சொல்லும்போது ஊர் என்பது வேறு என்று எனக்குத் தெரியும். கீழக்கரையிலும் தொண்டியிலும் தண்ணீர் ஏறினால் முதலில் அடுப்பு மூட்டுவது ஜமாஅத். தங்கச்சிமடத்தில் மாதா கோயில் மண்டபம் திறக்கும். மற்றக் குப்பங்களில் ஊர்த் தலைவர் சொன்னால் வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலாகிவிடும். கடலில் ஆள் காணாமல் போனாலும், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனாலும் முதலில் கூடுவது சங்கம். பிடிபட்டவர் குடும்பத்துக்கு அரசு தினசரி உதவித்தொகை தருகிறது. ஆனால் அது வந்து சேருகிற வரைக்கும் அந்த வீட்டில் உலை வைப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ராமேஸ்வரம் கரையைப் பொறுத்தவரை கைதும் ஒரு பேரிடர்தான், கூண்டு ஏற்றாமல் வருகிற பேரிடர். ஊர் அமைப்புகளின் பலம் பெரியது. குறையும் உண்டு. வரி கட்டாத குடும்பம், ஊர்விலக்கு ஆன குடும்பம், வாடகைக்கு வந்து குடியேறிய குடும்பம் அந்தப் பந்தியில் உட்கார முடியாது. 1964 டிசம்பர் புயலுக்குப்பின் வசிக்க லாயக்கில்லை என்று அறிவித்த தனுஷ்கோடியில் இன்றும் குடிசை போட்டுத் தொழில் பார்க்கிறார்கள். எந்த ஊர்க் கணக்கிலும் சேராதவர்களை யார் எழுதுவது? சாதி, சங்கம் பாராமல் எல்லைக்குள் இருக்கிற எல்லாரையும் எழுதக் கடமைப்பட்டது உள்ளாட்சி ஒன்றுதான்.

அப்படி எழுதுவது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. அக்டோபர் 2-ஆம் தேதி ஒரு கிராம சபை, நவம்பர் 1-ஆம் தேதி இன்னொன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் தொடக்கத்திலும் அமைந்த தேதிகள். அதில் நான்கு பக்க நோட்டு ஒன்றை வாசித்துத் தீர்மானமாக்கினால் போதும்: தனியாக இருக்கிற முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், எட்டு ஒன்பது மாதக் கர்ப்பிணிகள், தாழ்வான தெரு வீடுகள், ஓலைக் கூரைகள், குடும்ப அட்டை இல்லாதவர்கள், படகில்லாமல் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். மகளிர் குழுப் பெண்களை உட்காரவைத்தால் ஒரு மாலையில் எழுதி முடித்துவிடுவார்கள். தெருத் தெருவாக அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நகல் விஏஓவுக்கு, ஒரு நகல் பிடிஓவுக்கு, ஒரு நகல் மீன்வளத் துறை ஆய்வாளருக்கு. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு, தலைவர் இல்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

இனி உங்கள் அம்மா விஷயம். காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், கிடைக்கும் என்று நான் உறுதியும் சொல்லமாட்டேன். மூன்று காகிதம் தேடுங்கள். அந்த நவம்பர் 23 கிராம சபைத் தீர்மானத்தின் நகல், அதில் வெள்ளம் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்க்க. உங்கள் தெரு வருவாய்த் துறைக் கணக்கெடுப்பில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதற்கான நகல். ஊராட்சி எஞ்சின் வாடகைக்கும் டீசலுக்கும் போட்ட செலவுச் சீட்டின் நகல். மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். எஞ்சின் உங்கள் தெருவில் மூன்றாம் நாளும் ஓடியது என்று அந்தச் சீட்டில் இருந்தால், வீட்டு வரி ரசீது, அன்றைக்குக் கைபேசியில் எடுத்த படம் இவற்றோடு சேர்த்து, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ஒற்றை மனுவாகப் போகாமல் தெருவில் விட்டுப்போன எல்லாரையும் சேர்த்துக் கொண்டு போங்கள்.

அம்மாவை மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேர்க்கும் வேலையையும் இப்போதே பாருங்கள். 2007-ல் வந்த அந்தச் சட்டத்தின் பெயரிலேயே மீன்பிடிப்போடு அதைச் சார்ந்த தொழில்களும் சேர்த்து எழுதியிருக்கிறது. "படகு இருக்கா" என்று யாராவது கேட்டால் அதைக் காட்டலாம். மகளிர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. அவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500-ஆகக் கடல் மந்தமான மாதங்களில் வரும். ஊராட்சிச் செயலாளரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அந்தச் சிட்டை அவர் அலமாரியில்தான் இருக்கிறது, அதைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்.